பாலிஅனிலின் படலமும் கோழிப்பண்ணை அம்மோனியாவும்: ஒரு செய்முறைப் பதிவு

நாமக்கல் பக்கத்தில் முட்டைக்கோழிப் பண்ணை நடத்தும் என் மைத்துனர் ஒருவர், மழைக்காலத்தில் கொட்டகைக்குள் ஏறும் அம்மோனியாவை அளக்க மலிவான கருவி ஏதும் கிடைக்குமா என்று கேட்டார். கூண்டுகளுக்கு அடியில் குவியும் எச்சத்தில் உள்ள யூரிக் அமிலத்தை நுண்ணுயிரிகள் சிதைக்கும்போது அம்மோனியா வெளிவருகிறது. எச்சம் ஈரமாக இருந்தால் அது விரைவாக நடக்கிறது. மூக்கே காட்டிக்கொடுக்குமே என்று நான் சொன்னதற்கு, "எங்களுக்குத்தான் வாடை பழகிப்போச்சுங்களே மச்சான்" என்றார். அது உண்மைதான். அம்மோனியாவிலேயே நாள் முழுவதும் நிற்பவரின் மூக்கு அதைச் சொல்லாமல் விட்டுவிடும்.

கடைகளில் கிடைக்கும் எம்க்யூ-135 வகை வாயு உணரியை முதலில் வாங்கிப் பார்த்தேன். அதற்குள் ஒரு சூடேற்றி உண்டு; 5 வோல்ட்டில் ஏறத்தாழ 150 மில்லிஆம்பியர் மின்னோட்டத்தை அது எப்போதும் கேட்கிறது. மேலும் அது அம்மோனியாவுக்கு மட்டுமின்றிப் புகை, ஆல்கஹால் எனப் பலவற்றுக்கும் அசைந்து கொடுக்கிறது. அறை வெப்பநிலையிலேயே அம்மோனியாவை உணரக்கூடிய பொருள் ஒன்றை நானே தயாரித்துவிடலாம் என்ற எண்ணம் அப்போதுதான் வந்தது. நான் வேதியியல் கற்பிப்பவன். பாலிஅனிலின் என்னும் மின்கடத்தும் பாலிமரைப் பற்றிப் பல ஆண்டுகளாகக் கரும்பலகையில் எழுதியிருந்தும், ஒருமுறைகூட அதைக் கையால் செய்ததில்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும்.

பாலிஅனிலின் புதிய பொருளன்று. 1862இல் லண்டனில் ஹென்றி லெத்தபி அனிலினை அமிலக் கரைசலில் மின்னாற்பகுத்து, மின்வாயின் மீது கரும்பச்சைப் படிவு ஒன்றைப் பெற்றார். அடுத்த ஆண்டிலேயே அது பருத்தித் துணிக்குக் கறுப்புச் சாயமாகிவிட்டது. அந்தச் சாயம் மின்சாரத்தைக் கடத்தும் என்பதற்குப் பெருமதிப்பு வந்தது ஷிராகவா, மக்டியார்மிட், ஹீகர் ஆகிய மூவரும் 1977இல் பாலிஅசெட்டிலீனைக் கடத்தியாக்கிக் காட்டிய பிறகுதான். அதற்காக அவர்கள் 2000இல் நோபல் பரிசு பெற்றனர். பாலிஅனிலினுக்கென்று ஒரு தனித்தன்மை உண்டு. அதன் சங்கிலியில் உள்ள நைட்ரஜன் அணுக்கள் அமிலத்திலிருந்து புரோட்டானை ஏற்றுக்கொண்டால் அது பச்சை நிறக் கடத்தி; புரோட்டானை ஒரு காரம் பிடுங்கிக்கொண்டால் அது நீல நிறக் காப்பான். அம்மோனியா ஒரு காரம். ஆகவே அம்மோனியா பட்டால் மின்தடை ஏறும், நல்ல காற்று பட்டால் இறங்கும். கொள்கை இவ்வளவுதான்.

செய்முறைக்கு, தூய மற்றும் பயன்பாட்டு வேதியியலுக்கான பன்னாட்டு ஒன்றியம் 2002இல் வெளியிட்ட அறிக்கையைப் பின்பற்றினேன். வெவ்வேறு நாடுகளைச் சேர்ந்த 5 நிறுவனங்களில் 8 பேர் ஒரே செய்முறையைத் தனித்தனியே செய்து பார்த்து, 59 மாதிரிகளின் சராசரிக் கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 4.4 சீமென்ஸ் என்று அதில் பதிவு செய்திருக்கிறார்கள். அதே பொருளை அமிலம் நீக்கிக் காரவடிவாக்கினால் கடத்துத்திறன் ஒரு சீமென்ஸில் பத்துக் கோடியில் 1.4 பங்காக விழுந்துவிடுகிறது. இந்த இரண்டாவது எண்ணை நான் முதலில் வாசித்துவிட்டுக் கடந்து போனேன். அதற்கான விலையைப் பின்னால் கொடுத்தேன்.

அளவுகள் எளிமையானவை. 1.86 கிராம் அனிலினை 1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலம் 50 மில்லிலிட்டரில் கரைத்துக்கொண்டேன்; 5.71 கிராம் அம்மோனியம் பெர்சல்பேட்டைத் தனியே நீரில் கரைத்து 50 மில்லிலிட்டராக்கினேன். அறிக்கை அனிலினுக்குப் பதிலாகத் திண்மமான அனிலின் ஹைட்ரோகுளோரைடை 2.59 கிராம் எடுக்கச் சொல்கிறது. இரண்டிலும் அனிலினின் மோல் அளவு ஒன்றேயாயினும், திண்மத்தைக் கையாள்வதே நல்லது என்று இப்போது சொல்வேன். அனிலின் தோல் வழியாகவே உடலுக்குள் புகுந்து, குருதியின் ஆக்சிஜன் சுமக்கும் திறனைக் கெடுக்கக்கூடிய நஞ்சு. நைட்ரைல் கையுறை, கண்ணாடி, ஓடுகிற ஃபியூம் ஹுட் (நச்சாவியை வெளியே இழுக்கும் அடைப்பு) ஆகிய மூன்றும் இல்லாத இடத்தில் இதைத் தொடவே கூடாது. வீட்டு மொட்டைமாடியில் செய்து பார்க்கலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். கூடாது என்பதே என் விடை.

முதல் சுற்றில் அலமாரியில் இருந்த பழைய அனிலினையே எடுத்தேன். புதிதாக வடித்த அனிலின் நிறமற்றது. காற்றும் ஒளியும் பட்டுப்பட்டு என் புட்டியில் இருந்தது தேநீர் டிகாஷன் நிறத்துக்கு வந்திருந்தது. அன்று ஆய்வகத்தின் வெப்பநிலை 33 டிகிரி. ஐரோப்பியச் செய்முறைகளில் 'அறை வெப்பநிலை' என்று வரும் இடங்களில் நாம் பத்து டிகிரிக்கு மேல் கூட்டிப் படித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. இரு கரைசல்களையும் கலந்து ஒருமுறை கலக்கிவிட்டு அசையாமல் வைத்தேன். சில நிமிடங்கள் ஒன்றும் நிகழவில்லை. பிறகு பீக்கரின் சுவரோரம் நீலம் படர்ந்தது. நீலம் கறுத்து, மேற்பரப்பில் செம்பு போன்ற மினுக்கம் ஒன்று தோன்றியது. வெப்பமானி மளமளவென்று ஏறி 50 டிகிரியைத் தொட்ட வேளையில், நீலம் முழுவதும் கரும்பச்சையாக மாறியது. பாலிமராக்கல் நடந்து முடிந்ததற்கு அந்த நிறமாற்றமும் வெப்ப உச்சமுமே சான்று. இதே அளவில் இது அச்சப்பட வேண்டிய வெப்பமன்று. ஆனால் பத்து மடங்கு அதிகமாக ஒரே பாத்திரத்தில் கலப்பவர் அதன் வெப்பத்தைத் தணிக்க வழி வைத்துக்கொண்டே கலக்க வேண்டும்.

மறுநாள் காலை புக்னர் புனலில் வடிகட்டினேன். வடிநீர் நடுநிலைக்கு வரும் வரை கழுவு என்பது வேதியியல் செய்முறைகளில் எங்களுக்குக் கையோடு ஊறிய பழக்கம். அந்தப் பழக்கத்திலேயே, வாலை வடிநீரை வீணாக்க வேண்டாமே என்ற சிக்கனமும் சேர்ந்துகொள்ள, ஆழ்துளைக் கிணற்றுக் குழாய் நீரால் நன்றாகக் கழுவி, கடைசியில் மட்டும் வாலை வடிநீர் விட்டு, பின் அசிட்டோனால் கழுவி, 60 டிகிரியில் உலர்த்தினேன். ஏறத்தாழ 2 கிராம் தூள் கிடைத்தது. அகச்சிவப்பு நிறமாலைக்கு வில்லை பிழியும் 13 மில்லிமீட்டர் அச்சில் அதை அழுத்தி ஒரு வில்லையாக்கி மல்டிமீட்டரை வைத்தபோது தடை நூற்றுக்கணக்கான கிலோஓம்! கடத்தும் பாலிமர் என்று பெயர் வைத்துக்கொண்டு இப்படி ஒரு எண்ணா என்று சோர்ந்துபோனேன்.

பழி முழுவதையும் பழைய அனிலின் மீது போட்டேன். துத்தநாகத் தூள் சேர்த்துக் குறைந்த அழுத்தத்தில் அனிலினை வடித்தெடுத்தேன். நிறமற்ற திரவம் வந்தது. வெப்பம் மிகுந்துவிட்டதோ என்ற ஐயத்தில், மீன் அங்காடியிலிருந்து பனிக்கட்டி வாங்கிவந்து இரண்டாம் சுற்றைப் பனிநீர்த் தொட்டியில் செய்தேன். குளிரில் அது மந்தமாகவே நடந்தது. நீலம் தலைகாட்டவே முக்கால் மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. மறுநாள் அதே குழாய் நீர், அதே கழுவல், அதே அசிட்டோன். மல்டிமீட்டரில் அதே நூற்றுக்கணக்கான கிலோஓம். இரண்டு நாள் உழைப்பும் ஒரு பை பனிக்கட்டியும் போயின.

விடை புனலின் விளிம்பிலேயே இருந்திருக்கிறது. இரண்டாம் சுற்றின் வடிதாளை எறியப் போனபோது, குழாய் நீர் அதிகம் விழுந்த நடுப்பகுதி நீலமாகவும், நீர் சரியாகப் படாத ஓரம் பச்சையாகவும் இருப்பதைக் கண்டேன். நீலத்தின் மீது ஒரு துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டதும் அந்த இடம் பச்சையாயிற்று. எங்கள் கிணற்று நீர் உப்பும் கடினத்தன்மையும் மிகுந்தது; அதிலுள்ள பைகார்பனேட் பாலிமரின் புரோட்டான்களை ஒவ்வொரு கழுவலிலும் வாங்கிக்கொண்டு போயிருக்கிறது. நான் அழுக்கு என்று எண்ணி விரட்டிய அமிலம் அந்தப் பொருளின் ஓர் உறுப்பு. அறிக்கையை மீண்டும் எடுத்துப் பார்த்தேன்: 0.2 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் கழுவவும் என்று தெளிவாகவே எழுதியிருந்தது. படித்திருந்தேன், கை கேட்கவில்லை.

நல்வாய்ப்பாக இந்த இழப்பு மீளக்கூடியது. இரு சுற்றுத் தூள்களையும் தனித்தனியே 1 மோலார் அமிலத்தில் ஓர் இரவு ஊறவைத்து, நீர்த்த அமிலத்தாலும் அசிட்டோனாலும் கழுவி உலர்த்தி மீண்டும் வில்லையாக்கினேன். இம்முறை மல்டிமீட்டர் சில பத்து ஓம்களையே காட்டியது. அந்த எண்ணும் பொருளின் தடையன்று. கம்பியும் தொடுமுனையும் சேர்ந்த தடை. எனவே இயற்பியல் துறை நண்பரிடம் சென்று, ஜெர்மேனியம் என்னும் குறைகடத்தித் துண்டின் ஆற்றல் இடைவெளியைக் காண்பதற்காக அவர்கள் வைத்திருக்கும் நான்முனைக் கருவியை இரவல் கேட்டேன். வெளிமுனைகள் இரண்டும் மின்னோட்டத்தைச் செலுத்த, உள்முனைகள் இரண்டும் மின்னழுத்தத்தை மட்டும் பார்ப்பதால் தொடுமுனைத் தடை கணக்கில் வருவதில்லை. 0.8 மில்லிமீட்டர் தடிமனுள்ள வில்லையில் 10 மில்லிஆம்பியர் செலுத்தியபோது 11.1 மில்லிவோல்ட் வந்தது. பரந்த தகட்டுக்குரிய 4.53 என்னும் பெருக்கெண்ணை இங்கே அப்படியே போடக்கூடாது. 13 மில்லிமீட்டர் வட்டத்துக்கும் 2 மில்லிமீட்டர் முனை இடைவெளிக்கும் அது ஏறத்தாழ 3.75 ஆகக் குறைகிறது. அவ்வாறு கணக்கிட்டால் வடித்த அனிலின், பனிநீர்ச் சுற்றின் கடத்துத்திறன் சென்டிமீட்டருக்கு 3 சீமென்ஸ். பழுப்பு அனிலினில் செய்த முதல் சுற்றுக்கு 1.1 சீமென்ஸ். அனிலினை வடித்ததும் பனிக்கட்டி வாங்கியதும் சேர்ந்து கொடுத்தது மூன்று மடங்கு. கழுவலைத் திருத்தியது கொடுத்தது பல்லாயிரம் மடங்கு. எதில் முதலில் கவனம் செலுத்தியிருக்க வேண்டும் என்பதை இந்த இரண்டு எண்களுமே காட்டின.

தூள் கிடைத்துவிட்டது, ஆனால் தூளால் உணரி செய்ய முடியாது. எமரால்டின் உப்பு எனப்படும் இந்தப் பச்சை வடிவம் எளிதில் எதிலும் கரையாது. காரவடிவம் என்எம்பி என்னும் கரைப்பானில் ஓரளவு கரையும் என்றாலும், அந்தக் கரைப்பானைக் கையாள எனக்கு மனமில்லை. வழியைக் காட்டியது பீக்கர்தான். எவ்வளவு தேய்த்தாலும் போகாத பச்சைக் கறை ஒன்று அதன் உட்சுவரில் படிந்திருந்தது. பாலிமராக்கல் நடக்கும் கரைசலில் மூழ்கியிருக்கும் எந்தப் பரப்பின் மீதும் நூறு நானோமீட்டர் அளவுத் தடிமனில் ஒரு படலம் தானாகவே படிகிறது. அந்தத் தொல்லையையே கருவியாக்கிக்கொண்டேன். ஓவர்ஹெட் புரொஜெக்டருக்குப் பயன்பட்ட ஒளிபுகும் நெகிழித்தாள் ஒன்றைக் கீற்றுகளாக வெட்டி, சோப்பு நீரிலும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலிலும் கழுவி, அடுத்த சுற்றின் பீக்கருக்குள் செங்குத்தாகத் தொங்கவிட்டேன். நகலெடுக்கும் எந்திரத்துக்கான பூச்சில்லாத தாளே இதற்கு ஏற்றது. மையச்சு எந்திரத்துக்கான பூச்சுள்ள தாள் அமிலத்தில் வழுவழுத்து உரிந்துவிடுகிறது. நிறம் பச்சையானதும் எடுத்து, நீர்த்த அமிலத்தில் அலசி, ஒரு பக்கத்துப் படலத்தைப் பஞ்சால் துடைத்துவிட்டு உலர்த்தினேன். ஒளியில் பிடித்தால் இளந்தளிர் போல் ஊடுருவித் தெரியும் பசுமை. அதன் ஒரு சதுரத்துக்கு ஏறத்தாழ 40 கிலோஓம் தடை.

அடுத்த பிழை செம்பில். 20 மில்லிமீட்டர் அகலக் கீற்றின் இரு முனைகளிலும் பசையுள்ள செப்புப் பட்டையை 5 மில்லிமீட்டர் இடைவெளிவிட்டு ஒட்டி, அதில் கம்பியைப் பற்றவைத்தேன். முதல்நாள் 10 கிலோஓம் காட்டிய கீற்று எட்டாம் நாள் 31 கிலோஓம் காட்டியது. படலம்தான் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டவிருந்தேன். நான்முனைக் கருவி கற்றுக்கொடுத்த பாடம் இருந்ததால் நிதானித்தேன். செம்புகளுக்கு நடுவே, 2 மில்லிமீட்டர் இடைவெளியில் இரண்டு மெல்லிய கார்பன் கோடுகளை வரைந்து, செம்பு வழியே மின்னோட்டத்தைச் செலுத்திக் கோடுகளுக்கிடையே மின்னழுத்தத்தை மட்டும் அளந்தேன். அந்தத் துண்டுக்கு 4.4 கிலோஓம்; அப்படியானால் 5 மில்லிமீட்டருக்கு 11 கிலோஓம். படலம் ஏறக்குறைய அப்படியே இருக்கிறது. மீதி 20 கிலோஓம் செம்பின் அடியில் ஒளிந்திருக்கிறது. பட்டையை உரித்தபோது அதன் கீழே பச்சை நீலக் களிம்பு. பாலிமருக்கு உயிரான அதே ஹைட்ரோகுளோரிக் அமிலம் செம்பை அரித்திருக்கிறது. சோதனைக்காகக் காட்டிய அம்மோனியாவும் செம்புக்கு நண்பனன்று. வெள்ளிப் பசையும் குளோரைடுடன் கூடிப்போகும் என்பதால் அதையும் தவிர்த்து, கிராஃபைட் தூளை நகப்பூச்சில் குழைத்துப் பூசி, அதன் மீது துருப்பிடிக்காத எஃகுக் கிளிப்பை வைத்தேன். இடைவெளியை 2 மில்லிமீட்டராகக் குறைத்ததால் தடை 4.1 கிலோஓமுக்கு இறங்கியது. அதன் பின் நாள்கணக்கில் வைத்துப் பார்த்தும் தொடுமுனைத் தடை மாறவில்லை.

அளவீடு செய்வதற்கு 20 லிட்டர் குடிநீர்க் கேன் ஒன்றே என் வாயுக் கலம். கோழிக் கொட்டகைகளில் பத்து லட்சத்தில் 25 பங்கு என்பது தாண்டக்கூடாத அளவாகப் பொதுவாகச் சொல்லப்படுகிறது. 20 லிட்டரில் அந்தச் செறிவுக்கு அரை மில்லிலிட்டர் அம்மோனியா வாயு, அதாவது ஏறத்தாழ 20 மைக்ரோமோல் தேவை. முதலில் 0.1 மோலார் அம்மோனியாக் கரைசலில் 0.2 மில்லிலிட்டரைக் கேனுக்குள் தொங்கிய வடிதாளில் விட்டு மூடினேன். தடை ஏறுவதற்குப் பதிலாகச் சிறிது நேரம் இறங்கியது, பிறகே ஏறியது. காரணம் தண்ணீர். 30 டிகிரியில் 20 லிட்டர் காற்று கொள்ளக்கூடிய நீராவியே 0.6 கிராம்தான், நான் விட்ட துளியில் இருந்ததோ 0.2 கிராம். ஈரம் ஏறினால் பாலிஅனிலினின் கடத்துத்திறன் கூடும் என்பதால், அம்மோனியா ஏற்றுவதை ஈரம் இறக்கிக்கொண்டிருந்தது. கரைசலை 1 மோலாராக்கி 20 மைக்ரோலிட்டர் மட்டும் விட்டபோது நீரின் பங்கு பத்தில் ஒன்றாயிற்று, 4.1 கிலோஓம் பத்து நிமிடத்தில் 5.3 கிலோஓமை எட்டியது. வெறும் நீரை அதே அளவு விட்டுப் பார்த்ததில் 4.0 வரை மட்டுமே இறங்கியது. அம்மோனியா கேனின் சுவரிலும் ஒட்டிக்கொள்ளும். ஆகவே என் '25' என்பது மேல்வரம்பு, உண்மைச் செறிவு அதற்குக் கீழேதான் இருந்திருக்கும்.

கேனைத் திறந்து நல்ல காற்றில் நாற்பது நிமிடம் வைத்த பிறகும் தடை 4.4 கிலோஓமுக்குக் கீழே வரவில்லை. ஒவ்வொரு முறையும் இப்படிச் சிறிது மீதி தங்கியது. ஹைட்ரோகுளோரிக் அமிலம் எளிதில் ஆவியாகிப் போகக்கூடியது. அம்மோனியாவுடன் சேர்ந்து அம்மோனியம் குளோரைடாகவும் படலத்தைவிட்டு விலகிவிடும். இதற்கு மாற்றாகக் கீற்றுகளை நீர்த்த அம்மோனியாவில் நனைத்து முழுவதும் நீலமாக்கி, அலசி, பிறகு 1 மோலார் பாரா-டொலுயீன்சல்ஃபோனிக் அமிலத்தில் ஓர் இரவு வைத்தேன். அது திண்ம அமிலம், காற்றில் பறந்துவிடாது. தொடக்கத் தடை சற்றே கூடினாலும் மீதி தங்குவது வெகுவாகக் குறைந்தது.

ஈரத்தின் குறுக்கீட்டுக்குத் தனி ஈரமானி வைத்துக் கணக்கால் திருத்துவதைவிட, ஒரே தாளில் அடுத்தடுத்து வெட்டிய இரண்டு கீற்றுகளைத் தொடராக இணைப்பது எளிதாகப் பட்டது. ஒரு கீற்றைத் திறந்த பெட்டியிலும், மற்றதைச் சிட்ரிக் அமிலக் கரைசலில் தோய்த்து உலர்த்திய வடிதாளுக்குப் பின்னாலும் வைத்தேன். வடிதாளில் உள்ள அமிலம் அம்மோனியாவைத் தடுத்து நிறுத்திவிடும். நீராவி மட்டும் உள்ளே போகும். இரு கீற்றுகளும் ஈரத்தையும் வெப்பத்தையும் ஒன்றுபோல் உணர்வதால் நடுப்புள்ளியின் மின்னழுத்தம் அவற்றுக்கு அசைவதில்லை. ஆர்டுயினோ என்னும் சிறு மின்னணுக் கட்டுப்பாட்டுப் பலகையின் பத்து பிட் அளவுகோலில் (0 முதல் 1023 வரை) நல்ல காற்றில் 505ஆக இருந்த எண், கேன் சோதனையில் 571ஆயிற்று. வெறும் நீருக்கு இரண்டு மூன்று எண்களே ஆடியது. இரு கீற்றுகளும் சேர்ந்து எடுப்பது ஒரு மில்லிஆம்பியருக்கும் குறைவு. நிமிடத்துக்கொருமுறை மட்டும் மின்சாரம் கொடுத்தால் போதும்.

கருவி இப்போது மைத்துனரின் கொட்டகையில், கோழிகளின் தலை உயரத்தில் தொங்குகிறது. மூன்று வாரமாகிறது. காலையில் பக்கவாட்டுத் திரைகளைத் தூக்கிய அரை மணி நேரத்தில் எண் இறங்குவதும், மழை பெய்த இரவுகளில் திரை இறக்கியிருக்கும்போது அது விடியும் வரை ஏறிக்கொண்டே போவதும் பதிவாகின்றன. தீவனத் தூசி பெரும் எதிரி. கொசுவலைத் துணியை இரண்டு மடிப்பாகக் கட்டியும் வாரம் ஒருமுறை தட்டிவிட வேண்டியிருக்கிறது. சிட்ரிக் அமிலத் தாளைப் பத்து நாளுக்கொருமுறை மாற்றச் சொல்லி, தோய்த்து உலர்த்திய தாள்களை ஒரு மூடியிட்ட டப்பாவில் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மூன்றாம் வார முடிவில் நல்ல காற்றிலேயே எண் 520ஐ விட்டு இறங்காததால், திறந்த கீற்றைக் கழற்றிவந்து மீண்டும் அமிலத்தில் ஊறவைத்திருக்கிறேன். அதற்குப் பதிலாக அதே தாளின் மூன்றாவது கீற்று அங்கே வேலை செய்கிறது.